தூக்கத்துக்கு இசை: எந்த ராகம், எவ்வளவு சத்தம், எத்தனை நிமிடம்?

வைகைவடகரை:

எல்லாருக்கும் வணக்கம். வீடு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது தெரு. ராத்திரி முழுக்க பஸ், ஏர் ஹாரன். விடியற்காலையில் பூ மார்க்கெட்டுக்கு வரும் வேன்களின் சத்தம் வேறு. கோடையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்கவும் வழியில்லை.

படுத்தால் தூக்கம் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகிறது. பகல் வேலையின் டென்ஷன் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இசை கேட்டுக்கொண்டே படுக்கலாம் என்று யூடியூபில் தேடினால் 8 மணி நேர வீடியோ, 432 ஹெர்ட்ஸ், டெல்டா அலை என்று கொட்டுகிறது. கையில் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர், இயர்பட்ஸ்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாட்டா, வாத்தியமா? எந்த ராகம்? சத்தம் எவ்வளவு? எத்தனை நிமிடத்தில் நிறுத்துவது? அப்பாவுக்கு வயது 70, காது கொஞ்சம் மந்தம், அவருக்கும் தூக்கம் குறைவு. இதே ஏற்பாடு அவருக்கும் சரிவருமா?


ஒலிமேசை:

ராகத்தை அப்புறம் பார்ப்போம் தம்பி. இசை போட்டும் தூக்கம் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பாட்டில் இருக்காது, அதை ஓடவிடும் விதத்தில்தான் இருக்கும்.

முதல் எதிரி விளம்பரம். மெல்லிய வீணைக்கு நடுவில் நகைக்கடை விளம்பரம் தடாலென்று வந்து விழுந்தால், அரைத் தூக்கத்தில் இருக்கிற உடம்பு திடுக்கிட்டு எழுந்துவிடும். ஒரு தடவை அப்படி நடந்தால் அடுத்த நாள் இசை ஓடும்போதே ‘இப்ப வருமோ’ என்று காது காத்திருக்கும். அதனால் இணையத்திலிருந்து நேராக ஓடவிடாதீர்கள். விலைக்கு வாங்கியதோ, சந்தா ஆப்பில் டவுன்லோட் செய்ததோ, போனுக்குள்ளேயே இருக்கட்டும். ஏரோப்ளேன் மோடு போட்டுவிட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். வாட்ஸ்அப் மணியும் அடங்கும். அவசரமாகக் கூப்பிடக்கூடிய பெரியவர்கள் வெளியூரில் இருந்தால் அதற்குப் பதிலாக ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, அந்த ஒன்றிரண்டு எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

அடுத்தது டைமர். விஎல்சி ப்ளேயரில் ‘ஸ்லீப் டைமர்’ இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடும் திரையில் மூன்று புள்ளியைத் தொட்டால் கிடைக்கும். வீட்டில் ஐபோன் வைத்திருப்பவர்கள் கடிகார ஆப்பில் டைமருக்குப் போய், ‘வென் டைமர் எண்ட்ஸ்’ என்பதைத் தொட்டு, பட்டியலின் அடியில் இருக்கும் ‘ஸ்டாப் ப்ளேயிங்’கைத் தேர்ந்தெடுத்தால் எந்த ஆப்பில் ஓடினாலும் நின்றுவிடும். 45 நிமிடம் வையுங்கள். 8 மணி நேரம் மெட்டு ஓடத் தேவையே இல்லை.

சத்தத்தை எப்படி வைப்பது? ராத்திரி ஓடும் அதே வேகத்தில் ஃபேனை வைத்து, கட்டிலில் படுத்துக்கொண்டு வைக்க வேண்டும். வாசல் பக்கம் நின்று வைத்தால் அளவு தப்பிவிடும். மெட்டு காதில் விழ வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் அந்தப் பேச்சில் இசை மறைந்துபோக வேண்டும். டெசிபல் கணக்கில் சுமார் 40 முதல் 45. போனில் கிடைக்கும் டெசிபல் ஆப்கள் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், தோராயத்துக்குப் போதும்.

ஸ்பீக்கர் தலையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கட்டும். நேராகக் காதுக்கு வரும் கூர்மையான ஒலி சுவரில் பட்டு மட்டுப்படும். இரும்பு பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள். தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் பீரோ தகடும் கண்ணாடியும் அதிரும். அந்தக் கிணுகிணுப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே தூக்கம் போய்விடும். மர ஷெல்ஃப் நல்லது. பீரோதான் இடம் என்றால் நாலாக மடித்த துண்டை அடியில் போடுங்கள்.

இயர்பட்ஸைப் போட்டுக்கொண்டு தூங்குவது வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கும்போது காது மடல் அழுந்தி வலிக்கும். நம்ம ஊர் வெக்கையில் காதுக்குள் வியர்வை தங்கி அரிப்பும் சீழும் வரும், குறும்பியை உள்ளே தள்ளும். கட்டாயம் காதில்தான் கேட்க வேண்டும் என்றால் தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டையான ஸ்பீக்கர் கடைகளில் இருக்கிறது, 3.5 எம்எம் பின் மாட்டுவது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. சூடு வெளியேற வழி இருக்காது.

இனி பஸ் ஹாரன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இசையால் ஹாரனை மறைக்க முடியாது. இசையில் இடைவெளி உண்டு. சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் அமைதி வரும், அந்த அமைதியில் ஹாரன் இன்னும் பெரிதாகக் கேட்கும். தூங்குகிற ஆளை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டும் இல்லை. அதுவரை இருந்த அமைதியிலிருந்து அது எவ்வளவு தூக்கலாக எழும்புகிறது என்பதுதான் முக்கியம். அந்த வித்தியாசத்தைக் குறைக்க, ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் அடித்தளச் சத்தம் வேண்டும். மொட்டை மாடி வீடுகளில் சீலிங் ஃபேன் இதைத்தான் செய்கிறது. கரண்ட் போனதும் விழிப்பு வருவதற்கு வெக்கை ஒரு காரணம், அந்தச் சத்தம் நின்றுபோவது இன்னொரு காரணம்.

ஃபேன் போதவில்லை என்றால் இரைச்சல் ஒலிகள். ஒயிட் நாய்ஸில் எல்லா அதிர்வெண்ணும் சமமாக இருப்பதால் காதுக்கு ‘ஸ்ஸ்’ என்று கூர்மையாகத் தெரியும். பிங்க் நாய்ஸில் ஒவ்வொரு ஸ்தாயி (அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரம்) மேலே போகப் போக 3 டெசிபல் குறையும், தொடர்மழை போல இருக்கும். பிரவுன் நாய்ஸில் 6 டெசிபல் குறையும், தூரத்து அருவி மாதிரி உறுமும். பஸ் எஞ்சின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான் என்பதால் அதை மூட பிரவுன் நல்லது; ஹாரனுக்கு பிங்க் கைகொடுக்கும். ஆனால் போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வராது. பிரவுன் நாய்ஸை அதில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றுவீர்கள், கடைசியில் வெறும் சீறல்தான் மிஞ்சும். அதற்கு உங்கள் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள்.

ரோட்டைப் பார்த்த ஜன்னலை மட்டும் சாத்தி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா பாருங்கள். கனமான திரைச்சீலை அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர ஹாரனைத் தடுக்காது. அதற்காகக் காசைச் செலவழிக்க வேண்டாம்.


ஸ்ருதிப்பெட்டி:

ஒலிமேசை சொன்னதெல்லாம் சரி. ராகத்துக்கு நான் வருகிறேன்.

நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. 29ஆவது மேளமான (தாய் ராகமான) தீரசங்கராபரணத்தின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம் அது. தேவாரப் பண்களில் மேகராகக்குறிஞ்சி என்பதற்கு இன்று நீலாம்பரியில்தான் பாடுகிறோம். கோயில்களில் பள்ளியறை வேளைக்கு உரிய ராகமாகவும் இருக்கிறது. இத்தனையும் உண்மை, ஆனாலும் ராகத்தின் பெயரைப் பார்த்து எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். அதே நீலாம்பரியை நாகஸ்வரமும் தவிலுமாக ஓடவிட்டால் தூங்குகிறவரும் எழுந்து உட்காருவார்.

நீலாம்பரி அமைதி தருவதற்குக் காரணம், அதன் சுரங்கள் நேராக ஏறி இறங்காமல் வளைந்து வளைந்து மெதுவாக அசைவது. வேகமாகப் பாட இடம் கொடுக்காத ராகம். இதே குணத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகிற இரண்டு ராகங்கள் உண்டு: குறிஞ்சியும் நவரோஜும். லாலியும் தாலாட்டும் இவற்றில் நிறைய. இரண்டுமே மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தொடுவதில்லை. நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மத்திய ஸ்தாயிப் பஞ்சமம் வரை, குறிஞ்சி கீழ் நிஷாதத்திலிருந்து தைவதம் வரை, அவ்வளவுதான் நடமாட்டம். குரல் எங்கேயும் உச்சிக்குப் போய்க் கூவாது. தூக்கத்துக்கு வேண்டியது இதுதான்: சின்ன எல்லை, திடீர்த் தாவல் இல்லாத மெட்டு. ஆனந்தபைரவி, சஹானா, யதுகுல காம்போதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டை, ஹம்சத்வனி, பிலஹரி, கதனகுதூகலம் இந்த நேரத்துக்கு ஆகாது. சுபபந்துவராளி அழகான ராகம்தான். ஆனால் மனசு ஏற்கெனவே கலங்கியிருக்கும் ராத்திரியில் கலக்கத்தைக் கூட்டும்.

எந்தப் பதிவை எடுப்பது என்பது ராகத்தைவிட முக்கியம். கச்சேரிப் பதிவு வேண்டாம். கைதட்டல் வரும், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்களின் தனி வாசிப்பு) வரும், மைக் இரையும். ஸ்டூடியோ பதிவு, அதிலும் தாளம் இல்லாத வீணை ஆலாபனை முதல் தரம். ஆனால் ஆலாபனையும் போகப் போக மேல் ஸ்தாயிக்கு ஏறி பிருகாக்கள் (சுரங்களை உதிர்க்கும் ஓட்டங்கள்) வேகமெடுக்கும். அதனால் முதல் 6, 7 நிமிடத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு அடுத்த ராகத்துக்குப் போய்விடுங்கள். வீணைக்கு அடுத்து புல்லாங்குழல், ஆனால் அடித்துளைகளில் வாசிக்கும் தாழ்ந்த குழல். வயலினில் மேல் ஸ்தாயி காதைக் கீறும்.

தாளத்தோடு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு இருக்கும் விளம்ப கால (மெதுவான) உருப்படி. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு தட்டிப் பாருங்கள். தட்டு முள்ளோடு ஒட்டிப்போனால் அது 60.

ஒன்றுமே தேர்ந்தெடுக்க முடியவில்லையா? தம்புரா ஆப் ஒன்றை இறக்கி, 1 கட்டை ஸ்ருதியில், ப-ஸ-ஸ-ஸ வைத்து, ஒரு சுற்று மீட்ட 5 விநாடி ஆகும்படி மெதுவாக்கி ஓடவிடுங்கள். பின்தொடர மெட்டே இல்லை என்பதால் மனசு எதையும் பிடித்துத் தொங்காது. 4, 5 கட்டைக்கு ஏற்றினால் கூர்மை கூடிவிடும்.

சினிமாப் பாட்டைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். வரி இருந்தால் மனசு வார்த்தையைப் பின்தொடரும், அதனால் தெரிந்த பாட்டின் வாத்திய வடிவத்தைப் போடுவோம் என்று பலர் புல்லாங்குழல், கீபோர்டு பதிவுகளை எடுக்கிறார்கள். அது இன்னும் மோசமாகலாம். 2021இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், பிரபலமான பாடல்களின் வரி நீக்கிய வடிவத்தைப் படுக்கும்முன் கேட்டவர்களுக்குத்தான் பாட்டு தலைக்குள் அதிகமாகச் சுழன்றது, தூக்கமும் கெட்டது. வாத்தியம் ஓட ஓட, விடுபட்ட வரியை மூளையே போட்டுப் பாடிக்கொள்ளும். அதனால் தெரிந்த சினிமா மெட்டு எந்த வடிவிலும் ராத்திரிக்கு வேண்டாம். சாயங்காலம் தாராளமாகக் கேளுங்கள்.


மனநிலம்:

இருவரும் சொல்லாத பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

இசை தூக்க மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்யாது. தைவானில் 60 முதல் 83 வயதுள்ள 60 பேரை வைத்து நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. படுக்கும்போது தினமும் 45 நிமிடம் மெல்லிசை, மூன்று வாரம். பலன் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2022 மதிப்பாய்வு 13 ஆய்வுகளை, மொத்தம் 1,007 பேரைச் சேர்த்துப் பார்த்தது. தினம் 25 முதல் 60 நிமிடம் கேட்டவர்களுக்குத் தூக்கத்தின் தரம் கூடியது என்பதே அதன் முடிவு. அப்பாவின் வயதுக்கும் இது பொருந்தும். மூன்று நாள் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று வாரம் கொடுங்கள். அந்த மூன்று வாரமும் அதே கோப்பு, அதே நேரம், அதே சத்தம். தினம் ஒரு புதுப் பாட்டைத் தேடினால் போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் போய்விடும், பழக்கமும் ஊன்றாது. அந்த இசை வந்தால் தூக்கம் என்று உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். அதனாலேயே தூங்கும் இசையைப் பகலில், பஸ்ஸில், சமையலில் கேட்கக் கூடாது.

இசையோடு மூச்சைச் சேருங்கள். நிமிடத்துக்கு 60 தட்டு உள்ள இசையில் 4 தட்டுக்கு மூக்கால் மூச்சை இழுத்து, 6 தட்டுக்கு மெதுவாக விடுங்கள். ஒரு சுற்று 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் மூச்சை ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்; அளவைக் குறைத்து வேகத்தை மட்டும் காப்பாற்றுங்கள். அதன்பின் தோள், கைவிரல், தாடை என்று ஒவ்வொன்றாக 5 விநாடி இறுக்கி 10 விநாடி தளர்த்துங்கள். தாடையை மறக்காதீர்கள். டென்ஷன் உள்ளவர்கள் தெரியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை யோசனை தலைக்குள் ஓடுவதற்கு இசை பாதி மருந்துதான். மீதிப் பாதி, படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு தாளில் நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதிவிட்டு அதைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது. வேலையிலிருந்து வந்ததும் 20 நிமிடம் உட்கார்ந்து இசை கேட்பது தனிக் கணக்கு. அதற்கு உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டும் சரி, வரியோடும் சரி. ராத்திரிக் கோப்பு மட்டும் வேண்டாம்.

படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிருக்காதீர்கள். எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், இசை அங்கேயும் மெதுவாக ஓடலாம். கண் சொக்கியதும் வந்து படுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், 20 என்பது உத்தேசம். மாலை 3 மணிக்கு மேல் காபி, ராத்திரி 11 மணிக்கு முட்டை பரோட்டா இரண்டும் இருந்தால் எந்த ராகமும் தோற்கும்.

இசையால் சரியாகாதவையும் உண்டு. பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவது என்றிருந்தால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி அழைப்பான டெலிமானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் யாராவது ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இசை வேலை செய்கிறது என்று அதைச் சட்டென நிறுத்தக் கூடாது. தூக்கமின்மை முன்னைவிட மோசமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.


வைகைவடகரை:

ரொம்ப நன்றி. நேற்று வீணை ஆலாபனை வைத்து, 45 நிமிட டைமர் போட்டுப் படுத்தேன். இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, டைமர் முடிந்து கொஞ்ச நேரத்தில் ப்ளூடூத் ஸ்பீக்கர் தானாகவே ‘பவர் ஆஃப்’ என்று ஒரு பெண் குரலில் கத்துகிறது. ஒலிமேசை அண்ணே, இதை எப்படி நிறுத்துவது? இரண்டு, 432 ஹெர்ட்ஸ் விஷயம் நிஜமா? மூன்று, தங்கச்சி நாலு மாசக் குழந்தையோடு வந்திருக்கிறாள். தூளிக்குள் போனை வைத்துத் தாலாட்டு ஓடவிடுகிறாள். அது பரவாயில்லையா?


அதிர்வெண்:

இரண்டாவதுக்கு நான். 432 ஹெர்ட்ஸ் என்றால் ‘ஏ’ என்ற சுரத்தை இப்போதைய உலக வழக்கான 440க்குப் பதிலாக 432இல் வைப்பது. அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். நம் இசையில் ஆதார ஸ்ருதியைப் பாடுகிறவர் குரலுக்கு ஏற்ற இடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குத் தனிச் சக்தி என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. அந்த வீடியோவின் மெட்டு மெதுவாக, மென்மையாக இருந்தால் பலன் அந்த மெதுவால் வருவது.

டெல்டா அலை என்று போடுவது பைனாரல் பீட்ஸ். ஒரு காதில் 200 ஹெர்ட்ஸ், மறு காதில் 203 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மூளை 3 ஹெர்ட்ஸ் துடிப்பை உணரும் என்பது அடிப்படை. இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போனால்தான் அது நடக்கும். சின்ன ஸ்பீக்கரில் இரண்டும் காற்றிலேயே கலந்து வெறும் ‘வ்வ்வ்’ என்ற அலைச்சலாகத்தான் கேட்கும். இயர்பட்ஸ் போடாமல் படுக்கப் போகிறவருக்கு அதை டவுன்லோட் செய்வதில் அர்த்தமே இல்லை. போட்டுக் கேட்டாலும் தூக்கத்துக்கான ஆதாரம் பலவீனம்தான்.


வார்டுசெவிலி:

தூளிக்குள் போன் கண்டிப்பாகக் கூடாது தம்பி. இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். தூளித் துணி குழந்தையைச் சுற்றிக் குவிந்திருக்கும். அதற்குள் போன் இருந்தால் ஒலி வெளியே போகாமல் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் அடிக்கும். போன் சூடாகும், தூளி ஆடும்போது சரிந்து முகத்தில் விழும். சார்ஜர் ஒயர், இயர்போன் ஒயர் எதுவும் தூளிக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

குழந்தைக்கு ஒலி வைப்பதானால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, குழந்தையின் காது இருக்கும் இடத்தில் 50 டெசிபலுக்கு மேல் போகாமல், தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் அந்த வயசுக்குப் பதிவு எதற்கு? தாயோ பாட்டியோ ‘ஆராரோ’ என்று முனகுவதே போதும். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. உத்தரத்துக் கொக்கியிலிருந்து குழந்தை படுத்திருக்கும் இடம்வரை 2 மீட்டர் இருந்தால் தூளி போய்த் திரும்ப ஏறக்குறைய 2.8 விநாடி ஆகும். லேசாக ஆட்டினாலும் கொஞ்சம் வேகமாக ஆட்டினாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. ஆட்டுகிறவர் பாடும் பாட்டு தானாகவே அந்த ஆட்டத்தில் போய் உட்காரும். குழந்தை கண் அசர அசர ஆட்டும் கை ஓயும், குரலும் தணியும். ஓடிக்கொண்டிருக்கும் பதிவுக்கு அந்தத் தணிவு தெரியாது.

குழந்தை அசந்ததும் தூளியிலிருந்து எடுத்துச் சமதளமான உறுதியான பாயில், மல்லாக்கப் படுக்கவையுங்கள். தூளியில் நெடுநேரம் கிடந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக்குச் சிரமம் வரலாம்.


ஒலிமேசை:

ஸ்பீக்கர் பேசுவது பலருக்கும் இருக்கிற தலைவலி. டைமர் இசையை நிறுத்தியதும் ஸ்பீக்கருக்கு வேலை இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணையும்போது அறிவிப்பைச் சொல்லும். அந்தக் குரலின் சத்தம் பல மாடல்களில் நீங்கள் வைத்த அளவுக்குக் கட்டுப்படாது. சார்ஜ் குறைந்தாலும் இதே கதை. சில கம்பெனிகளின் ஆப்பில் ‘வாய்ஸ் ப்ராம்ப்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். இல்லையென்றால் ப்ளூடூத்துக்குப் பதில் ஆக்ஸ் ஒயர் போடுங்கள். ஆனால் ஆக்ஸிலும் தானாக அணையும் பெட்டிகள் இருக்கின்றன.

உறுதியான வழி, இசை முடிந்தாலும் ஒலி முடியாத ஒரே கோப்பை நீங்களே செய்வது. உங்கள் தெருவுக்கு அடித்தள இரைச்சலும் வேண்டுமே, இரண்டும் சேர்ந்து தீரும். கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்.

ஸ்ருதிப்பெட்டி அக்கா சொன்ன மாதிரி வெட்டிய 6, 7 துண்டுகளை உள்ளே கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றையும் ‘ட்ராக்ஸ், மிக்ஸ்’ வழியாக மோனோவாக்குங்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ போடுங்கள், அதில் இருக்கும் மைனஸ் 23 அப்படியே இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் ஒரு துண்டு முனகும், அடுத்தது கத்தும். தந்தி மீட்டும் நகச் சத்தம் கூர்மையாக இருந்தால் ‘லோ பாஸ் ஃபில்டர்’ 4000 ஹெர்ட்ஸ், ரோல் ஆஃப் 6 டெசிபல். அதற்கும் கீழே வெட்டினால் வீணை போர்வைக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும். துண்டுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் 5 விநாடி ஃபேட் (சத்தம் மெதுவாக ஏறுவது, இறங்குவது) கொடுங்கள். கடைசி 10 நிமிடத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு நீண்ட ‘ஃபேட் அவுட்’. எந்த நொடியில் நின்றது என்றே தெரியக் கூடாது. சட்டென நிற்பதுதான் பலரை எழுப்புகிறது.

இன்னொரு ட்ராக்கில் ‘ஜெனரேட், நாய்ஸ்’ போய் ‘பிரவுனியன்’ எடுத்து, ஆம்ப்ளிட்யூட் 0.1, நேரம் 8 மணி என்று கொடுங்கள். வேலை நடக்கும்போது கணினியில் 5 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், பயப்பட வேண்டாம். இரண்டையும் சேர்த்து எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ்ஸில் ஏற்றுமதி செய்தால் சுமார் 230 எம்பிதான் வரும். இசை முதல் 45 நிமிடத்தில் கரைந்துபோகும், இரைச்சல் விடியும்வரை இருக்கும். ஸ்பீக்கர் அணையாது, பேசாது. அதைச் சார்ஜரில் போட்டே வையுங்கள். ஃபேன் சத்தமே போதுமான அமைதியான வீட்டுக்கு இந்த 8 மணி இரைச்சல் தேவையில்லை.


ஸ்ருதிப்பெட்டி:

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு முதலில் போவது உயர்ந்த அதிர்வெண்கள். குழலும் வயலினும் அவருக்குப் பாதிதான் கேட்கும். அதைச் சரிக்கட்ட சத்தத்தை ஏற்றினால் வீட்டில் மற்றவர்கள் தூங்க முடியாது. தாழ்ந்த ஸ்தாயி வீணை, அல்லது அடங்கிய ஆண்குரலில் மெதுவாக ஓதும் பதிவு. தலையணை ஸ்பீக்கர் அவருக்குத்தான் சரியான பொருள்.

வரி வேண்டாம் என்று முன்னே சொன்னதற்கு அவர் விலக்கு. வருடக்கணக்கில் கேட்டு ஊறிப்போன தேவாரமோ பாசுரமோ என்றால் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருக்காது. அவருக்குப் பழகிய குரலாகப் பார்த்து எடுங்கள். பல குழுப் பாடல் பதிவுகளில் ஜால்ராவும் மிருதங்கமும் தூக்கலாக இருக்கும், அவற்றைத் தவிருங்கள். காதில் இரைச்சல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் முழு அமைதி அவருக்குப் பகை. அந்த இரைச்சலைவிட ஒரு மட்டம் கீழே மழைச் சத்தம் ராத்திரி முழுக்க இருக்கட்டும்.


தல்லாகுளத்தான்:

நடுவில் புகுந்து கேட்கிறேன். ஆடி மாசம் கூம்பு ஸ்பீக்கர் கட்டிவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காதே. அதற்கு என்ன வழி?


ஒலிமேசை:

அதை எந்த இரைச்சல் கோப்பாலும் மூட முடியாது அண்ணே. மூடப் பார்த்தால் நீங்கள் வைக்கும் சத்தமே காதைக் கெடுக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு 12 மணி வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி அளவு 45 டெசிபல். விழாக் கமிட்டியிடம் முதலில் பேசுங்கள். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்வதைவிட, உங்கள் வீட்டைப் பார்த்திருக்கும் கூம்பை மட்டும் திருப்பிக் கட்டச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூம்பின் ஒலி நேர்முகத்தில்தான் கடுமை, பக்கவாட்டில் நன்றாகவே குறையும். 10 மணிக்கு மேலும் ஓடினால் 100க்குப் போன் செய்யலாம். அந்த ஒன்றிரண்டு ராத்திரிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை 30 விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் காதின் வாசலில் மட்டும் செருகினால் பாதிச் சத்தம் உள்ளே வந்துவிடும்.